மர்செய்க்குப் போன தேங்காய்த்திட்டு

பெரிய மார்க்கெட்டில் மீன் பகுதிக்கும் பூக்கடைகளுக்கும் நடுவே ஒரு குறுகலான வழி உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே ஒரு பெரியவர் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தி, பிரெஞ்சில் பேச ஆரம்பித்தார்.

சும்மா இரண்டு வார்த்தை இல்லை. ஒரு பக்கம் மூட்டை தூக்குகிறவர்கள் "வழி, வழி" என்று இடித்துக்கொண்டு போகிறார்கள். இன்னொரு பக்கம் மீன் கழுவிய தண்ணீர் என் செருப்புக்குள் ஒரு வழியாகப் புகுந்து மறு வழியாக வெளியேறிக்கொண்டிருக்கிறது. பெரியவர் அசையவில்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சீராக வெட்டிய மீசை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் சொல்தா என்போம். இவர் அப்படி ஒரு சொல்தா. பெயர் எனக்குத் தெரியாது. முகம் ஊருக்கே தெரியும்.

அவர் கையில் ஒரு வாரப் பத்திரிகை இருந்தது. அதில் ஒரு பக்கத்தை விரலால் தட்டித் தட்டிப் பேசினார். அந்தப் பக்கத்தில் என் பெயர் அச்சாகியிருந்தது.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு மொத்தம் மூன்று சொற்களும் பத்து எண்களும். எண்களை அந்த இடத்தில் நுழைக்க வழியில்லாததால் சொற்களைச் சிக்கனமாகச் செலவழித்தேன். அவர் மூச்சு வாங்கியபோது ஆமாம் என்னும் பொருளில் "வுய்" என்றேன். நெற்றியைச் சுருக்கி எதையோ கேட்டபோது இன்னும் அழுத்தமாக "வுய்" என்றேன். அவர் பேச்சை நிறுத்தி என் முகத்தையே பார்த்தார். "மெர்சி" என்று நன்றி சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் பத்திரிகையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பார்த்துக்கொண்டிருந்த பூக்கார அம்மா, "இந்தத் தம்பிக்கு எம்மாம் பிரெஞ்சு" என்று சொல்லி நான் வாங்கிய கதம்பத்தில் ஒரு சாண் கூடுதலாக அளந்தார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் இலக்கியப் பரிசு அந்த ஒரு சாண் கதம்பம்தான்.

அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"அவரு என்னா சொன்னாருன்னு தெரியுமா, எடிட்டரே?"

திரும்பாமலேயே யாரென்று தெரிந்துவிட்டது. மர்கரீத் அக்கா. அந்தப் பக்கத்தில் என் பெயருக்கு மேலே இருந்த பெயர் அவருடையது. கதையும் அவருடையது. அந்தக் கதைக்கு நான் செய்த காரியம் அச்சாகி அன்றோடு மூன்று நாள் ஆகியிருந்தது.

அவர் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அவமானங்களை வரிசைப்படி சொன்னால்தான் அழகு.

நியூயார்க்கும் ஸ்டவ் பின்னும்

சமீபத்தில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு: "விஞ்ஞானப் புனைவிலும் மாயப் புனைவிலும் புதிய குரல்கள்." என்னை மூத்தவர் என்று அறிமுகப்படுத்தி, புதிய குரல்கள் எப்படி உருவாகின்றன என்று கேட்டார்கள். அது எனக்குத் தெரியாது. அப்படி ஒரு குரலின் கழுத்தை எப்படி நெரிப்பது என்பதில் மட்டும்தான் எனக்கு நேரடி அனுபவம். மேடையில் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்வது அவ்வளவு நாகரிகமாகப் படவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் ஆரம்பித்த சமயம். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. நான் தட்டாஞ்சாவடியில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு பர்னர் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு அங்கே நான் விரலை நசுக்கிக்கொண்ட கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு: நசுக்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

அந்த விரல் ஆறியதும் எழுத ஆரம்பித்தேன். எழுதியது முழுக்க விஞ்ஞானக் கதை. கதாநாயகர் டாக்டர் ராபர்ட். ஊர் நியூயார்க். நான் அதுவரை மேற்கே விழுப்புரம் தாண்டியதில்லை. நியூயார்க்கை எனக்கு அறிமுகப்படுத்தியது, நான் முடிவெட்டிக்கொள்ளும் கடையில் தொங்கிய ஒரு காலண்டர். அதில் கட்டடங்களின் மேல்பாதிதான் தெரியும். கீழ்ப்பாதியைத் தேதித்தாள் மறைத்திருக்கும். அதனால் என் கதைகளில் யாரும் தரையில் நடந்ததே இல்லை. எல்லாரும் எழுபதாவது மாடியில் நின்றுகொண்டு வானத்தைப் பார்ப்பார்கள்.

ராக்கெட் எப்படி ஓடுகிறது என்பதும் எனக்குத் தெரியாது. ஸ்டவ் எப்படி எரிகிறது என்பது நன்றாகத் தெரியும். ஆகவே டாக்டர் ராபர்ட்டின் ராக்கெட்டுக்குக் காற்று அடிக்கும் பம்ப் இருந்தது. செவ்வாய்க்குப் போகிற வழியில் அது அடைத்துக்கொண்டது. ராபர்ட் விண்வெளியில் இறங்கி, ஸ்டவ்வுக்குக் குத்துவது போலப் பின் குத்தி அடைப்பை எடுத்தார்.

இந்தக் கதைகளைப் பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. நானே ஒரு பத்திரிகை தொடங்கினேன்.

ஒன்பதாம் கிரகம்

அதுதான் பெயர். அந்தக் கிரகத்தைப் பிற்காலத்தில் கிரகமே இல்லை என்று பதவி நீக்கம் செய்துவிட்டார்கள். எங்கள் பத்திரிகைக்கு அந்தக் கதி அதற்கு முன்பே நேர்ந்துவிட்டது.

கையெழுத்துப் பத்திரிகை என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு பிரதி. எல்லாக் கதைகளையும் ஆசிரியரே தன் கையால் அழகாக எழுதி, அட்டை போட்டுத் தைத்து, சைக்கிளில் கொண்டுபோய் முதல் வாசகரிடம் கொடுப்பார். அவர் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு அடுத்தவரிடம் தள்ளுவார். இப்படி இருபது வீடு சுற்றித் திரும்பி வரும்போது அதில் காப்பிக் கறை, குழந்தை கிறுக்கல், எண்ணெய்க் கை எல்லாம் சேர்ந்திருக்கும். கடைசியில் பத்துப் பக்கம் வெறும் தாளாக விட்டிருப்போம். வாசகர் கருத்து எழுத.

கருத்து என்றால் "கதை அருமை, ஓவியம் அருமை, கையெழுத்து மிக அருமை" என்று இருக்கும். இருபது பேரும் நண்பர்கள். வேறென்ன எழுதுவார்கள்?

எங்கள் கம்பெனியில் லேத் ஓட்டிய சவரி ஒருநாள் பத்திரிகையைத் திருப்பித் தந்தான்.

"எங்க அக்கா எதயோ எழுதி வச்சிருக்குப்பா. கோச்சிக்காத."

கடைசிப் பக்கங்களில் நீல மையில் இப்படி இருந்தது: "பதினான்காம் பக்கத்தில் டாக்டர் ராபர்ட் ராக்கெட்டுக்குப் பின் குத்துகிறார். குத்தியவுடன் நீலச் சுடர் வராது. முதலில் புகை வரும். டாக்டர் இருமியிருக்க வேண்டும். – ஆ. மர்கரீத்."

கோபப்படுவதா வேண்டாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். பிறகு கம்பெனியில் ஒரு ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பார்த்தேன். நான்தான் இருமினேன்.

வலையில் ஏறியது எதுவானாலும்

மர்கரீத் அக்காவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். என்னைவிட ஐந்து வயது பெரியவர். அவருடைய அப்பா ஆந்துவான், பிரெஞ்சுக்காரர் காலத்தில் துவான் ஆபீஸில், அதாவது சுங்கத்தில், வேலை பார்த்தவர். வீட்டில் தமிழ்தான், ஜபத்துக்கும் சண்டைக்கும் மட்டும் பிரெஞ்சு. அக்கா தேங்காய்த்திட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் சீட்டு எழுதினார். இப்போது இருக்கும் துறைமுகமெல்லாம் அன்றைக்கு அந்த அளவில் இல்லை. படகு வரும், மீன் ஏலம் போகும், மீனுக்கு ஐஸ் வேண்டும், ஐஸுக்குச் சீட்டு வேண்டும். எந்தப் படகுக்கு எத்தனை கட்டி, யார் பெயரில் என்று நாள் முழுக்க எழுதுவது அவர் வேலை.

அடுத்த இதழ் இருபது வீடு சுற்றித் திரும்பியபோது, வெறும் பக்கங்களில் கருத்து இல்லை. பத்துப் பக்கமும் நிரம்பக் கதை இருந்தது. மேலே சின்னதாக ஒரு குறிப்பு: "கருத்து எதுவும் இல்லை. இடம் வீணாகப் போகிறதே என்று ஒரு கதை எழுதினேன்."

கதையின் பெயர் "ஏலம்."

ஒரு காலை, தேங்காய்த்திட்டில் ஒரு வலையில் மீனோடு மீனாக ஒன்று ஏறி வருகிறது. மீன் இல்லை, மனிதன் இல்லை. எங்கிருந்தோ விழுந்திருக்கிறது. உடம்பு சுட்டுக்கொண்டே இருப்பதால் ஐஸில் வைக்கிறார்கள். அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏலம் கூறும் அஞ்சலைக்கு அந்தச் சந்தேகமே இல்லை. வலையில் ஏறியது எதுவானாலும் ஏலத்துக்கு. அதுதான் சட்டம்.

அஞ்சலை விலை கூறுகிறாள். சர்க்கஸ்காரன் கேட்கிறான். ஆஸ்பத்திரிக்காரன் கேட்கிறான். கருவாட்டு வியாபாரி, எதற்கும் இருக்கட்டும் என்று கேட்கிறான். விலை ஏறுகிறது. ஐஸுக்குள் கிடப்பது காலையிலிருந்து எல்லா ஏலத்தையும் கேட்டுக் கேட்டு நம்முடைய எண்களைக் கற்றுக்கொண்டிருக்கிறது. கடைசியில் அது வாயைத் திறந்து, எல்லாரையும்விடக் கூடுதலாக, தன்னைத் தானே ஏலம் கேட்கிறது.

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அஞ்சலை மூன்று தரம் கூறி முடித்து, ஒரு கை ஐஸ் தூளை அள்ளி அதன் தலையில் வைக்கிறாள். அங்கே அது வழக்கம். ஏலம் முடிந்த மீன் குவியலின் மேல் ஒரு கை ஐஸ் வைத்துவிட்டால், எடுத்தவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. இங்கே எடுத்தவரும் அதுவே, எடுக்கப்பட்டதும் அதுவே. சர்க்கஸ்காரன் நீட்டிய கையை இழுத்துக்கொள்கிறான். சீட்டில் எழுதப் பெயர் கேட்கிறாள் அஞ்சலை. அதற்குப் பெயர் இல்லை. "பேர் இல்லாம சீட்டு இல்ல" என்று சொல்லி, தன் பெயரை எழுதிக் கொடுத்து அனுப்புகிறாள்.

படித்து முடித்தபோது ஸ்டோரில் எதிரே அடுக்கியிருந்த பர்னர்கள் என்னையே பார்ப்பது போலிருந்தது. டாக்டர் ராபர்ட் எழுபதாவது மாடியிலிருந்து மெல்ல இறங்கிப் போய்விட்டார் என்று தெரிந்தது. எனக்குப் பொறாமை என்று இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு அதற்கு நான் வைத்த பெயர், ஆசிரியரின் அக்கறை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குப் போனேன். அக்கா ஒரு பழைய ஸ்வெட்டரோடு சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"கத நல்லாருக்குக்கா. ஆனா தேங்காய்த்திட்டுல போயி..."

"போயி?"

"வேற கிரகத்துலேந்து ஒண்ணு வருதுன்னா, அது ஏங்க்கா நம்ம ஊருக்கு வரணும்?"

"நியூயார்க்குக்கு மட்டும் ஏன் வரணும்?"

"அங்க விஞ்ஞானிங்க இருக்காங்க."

"இங்க ஐஸ் இருக்கு" என்றார் அக்கா. சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியாக ஒரு படகுக்காரரிடம் நீட்டிவிட்டு, "வேற?" என்றார்.

நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டேன்.

ஊரைத் திருத்தாதே

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்று விஞ்ஞானக் கதைகளுக்குச் சிறப்பிதழ் போடுவதாக அறிவித்தது. தாளின் ஒரு பக்கம் மட்டும், தெளிவான கையெழுத்தில் எழுதி அனுப்ப வேண்டும். அக்காவின் கையெழுத்து ஐஸ் சீட்டில் பழகிய கையெழுத்து. எண்கள் முத்து முத்தாக இருக்கும், எழுத்துகள் நனைந்த மாதிரி இருக்கும். நான் படி எடுத்து அனுப்புகிறேன் என்றேன்.

"அப்படியே எழுது. நீ எதயும் சேக்காத."

"எழுத்துப்பிழை இருந்தா?"

"அத மட்டும் திருத்து. ஊரத் திருத்தாத."

"சத்தியமா மாட்டேங்க்கா."

முதல் பத்தியை அப்படியேதான் எழுதினேன். இரண்டாவது பத்தியில் தேங்காய்த்திட்டு என்று எழுத வேண்டிய இடம் வந்தது. பேனா நின்றுவிட்டது. மெட்ராஸில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரின் முகம் கண் முன்னால் வந்தது. அவர் சிரித்தார். உலகத் தரத்தில் ஒரு கதை, இந்த ஓர் ஊர்ப்பெயரால் கெட்டுவிடக் கூடாதே. அக்காவுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். இதில் ஆகக் கேவலமான பகுதி அதுதான்.

எழுதியவர் பெயரே மர்கரீத். அதற்கு நியூயார்க் பொருந்தாது. எனவே பிரான்ஸ். பிரான்ஸில் கடல் உள்ள ஊர், பட்டாளத்துக்காரர்கள் கப்பலில் போய் இறங்கும் ஊர் என்று நான் கேள்விப்பட்டது மர்செய். தேங்காய்த்திட்டு மர்செய் ஆயிற்று. அஞ்சலை மதாம் இஸபெல் ஆனாள். ஐஸ் கம்பெனி ஆராய்ச்சிக்கூடம் ஆயிற்று. கருவாட்டு வியாபாரியை எப்படிப் பிரெஞ்சுக்காரனாக்குவது என்று தெரியாததால் அவரை நீக்கிவிட்டேன். பெயரில்லாததற்கு விஞ்ஞானிகள் கூடி ழான் என்று பெயர் வைத்தார்கள்.

பிரச்சினை ஏலத்தில் வந்தது. மர்செய்யில் எண்களைப் பிரெஞ்சில்தானே கூற வேண்டும்? எங்கள் தெருவில் கண்ணாமூச்சி ஆடும்போது பிரெஞ்சில்தான் எண்ணுவோம். அன், தே, த்ருவா என்று ஆரம்பித்துப் பத்துக்குத் தீஸ் என்று சொன்னதும் ஓடிவிட வேண்டும். பத்துக்கு மேல் எங்கள் தெருவில் யாரும் ஒளிந்ததில்லை. ஆகவே பதினொன்று எனக்குத் தெரியாது. ஊர் விட்டு ஊர் வந்த ஒரு வேற்றுக்கிரக உயிர், என் படிப்பறிவு காரணமாக, பத்து பிராங்குக்குப் போயிற்று.

தலையில் வைக்கும் ஒரு கை ஐஸை மட்டும் விட்டுவைத்தேன். எவ்வளவு யோசித்தும் அந்த வரியை எப்படிக் கெடுப்பது என்று தெரியவில்லை.

கூடவே என் டாக்டர் ராபர்ட் ஒருவரையும் வைத்து, ஒரு கடிதமும் எழுதினேன்: "மர்கரீத் அவர்களின் கதையை இத்துடன் அனுப்பியுள்ளேன். தமிழில் நன்றாக வந்திருப்பதாக நம்புகிறேன். இப்படிக்கு, கோ. முருகையன்." அந்த இரண்டாவது வாக்கியத்தை எதற்காக எழுதினேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. அழகாக இருந்தது, எழுதிவிட்டேன்.

ராபர்ட் இரண்டே வாரத்தில் திரும்பி வந்தார். "ஏலம்" சிறப்பிதழில் முதல் கதையாக வந்தது. தொப்பி வைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண் துறைமுகத்தில் நிற்பது போலப் படம். கீழே:

மூலம்: மர்கரீத் (பிரெஞ்சு)
தமிழில்: கோ. முருகையன்

மூன்று நாள் பண்டிதர்

அந்த மூன்று நாளில் எனக்கு நடந்தவை சாதாரணமானவை அல்ல. எங்கள் முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த நாற்காலியில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. அது ஆடும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. எப்போதோ வாங்கிப் போட்ட ஒரு பிரஸ் மெஷினோடு வந்த பிரெஞ்சுக் கையேட்டை நீட்டி, "இத்தன வருஷமா இத யாரும் படிக்கல முருகையா. நீ இருக்கறது தெரியாமப் போச்சு" என்றார். நேரம் கொடுங்கள் சார் என்று வாங்கிக்கொண்டேன். படம் உள்ள பக்கங்களை மட்டும் புரட்டினேன். கையை உள்ளே விடாதே என்று ஒரு படம் சொன்னது. அந்த அளவுக்கு எனக்கே தெரியும். விரலில் தழும்பு இருக்கிறது.

சவரி என்னோடு பேசவில்லை. நான் பக்கத்தில் போய் "சவரி" என்று ஆரம்பித்தால் லேத்தை ஓடவிட்டான். நிறுத்தினால் பேசலாம் என்று காத்திருந்தேன். உணவு இடைவேளையிலும் ஓட்டினான்.

அக்காவைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட்டுக்குப் போனேன்.

வுய், வுய், மெர்சி

"அவரு என்னா சொன்னாருன்னு தெரியுமா, எடிட்டரே?"

"தெரியாதுக்கா."

அக்கா கீரைக்கட்டைக் கூடையில் சரியாக வைத்துக்கொண்டு, ஐஸ் சீட்டு படிப்பது போல வரிசையாகச் சொன்னார்.

"நான் பன்னண்டு வருஷம் மர்செய்ல இருந்தவன்னாரு. அங்க மீன் ஏலம் எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியும்னாரு. ஏலம் முடிஞ்சா தலையில ஒரு கை ஐஸ் வக்கிற வழக்கம் அங்க கெடையாது, அது நம்ம தேங்காய்த்திட்டுலதான்னாரு. இத எழுதினவங்க அங்க நின்னு பாத்தவங்க, இது வெள்ளக்காரி எழுதுனதில்லன்னாரு."

"ஓ."

"அப்ப நீ வுய்ன்ன. அப்புறம், ஊர மாத்தி வச்ச திருடன் யாரு, நீதானான்னு கேட்டாரு."

"நான் என்னா சொன்னேன்?"

"வுய்ன்ன. அழுத்தமா. அப்புறம் நன்றி சொல்லிக் கும்பிட்ட."

பூக்கார அம்மா அந்த ஒரு சாணைத் திருப்பிக் கேட்பாரோ என்று பயந்து கதம்பத்தை மறைத்துக்கொண்டேன். சிரிக்கலாமா என்று அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"முப்பது வயசுல மொத தடவ என் பேரு அச்சுல வந்திருக்கு. ஐஸ் கம்பெனில காட்டறேன், கோயில்ல காட்டறேன். எல்லாரும் என்னா சொல்றாங்க தெரியுமா? அட, அந்த வெள்ளக்காரி பேரும் உன் பேரும் ஒண்ணா இருக்கேங்கறாங்க. நான்தாங்கறேன். சிரிக்கறாங்க." கூடையைக் கை மாற்றிக்கொண்டார். "என் கதையில அந்த ஐஸ்ல கெடக்கறதுக்குக்கூட ஒரு பேரு குடுத்து அனுப்புனேன் தம்பி. நீ எனக்கு இருந்த பேர எடுத்துட்ட."

எடிட்டரே என்று கூப்பிடுகிறவர் தம்பி என்றதும்தான் எனக்கு உறைத்தது.

மூன்று கடிதங்களும் நாலு வரியும்

பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுதினேன். மூன்று எழுதினேன். முதல் கடிதத்தில் தவறு அச்சுக் கோத்தவருடையதாக இருந்தது. இரண்டாவதில் தபாலில் தாள்கள் இடம் மாறியிருந்தன. மூன்றாவது "தவிர்க்க இயலாத சில காரணங்களால்" என்று தொடங்கியது. முடிவு வரை அந்தக் காரணங்கள் தலைகாட்டவே இல்லை. மூன்றையும் ஐஸ் கம்பெனி ஜன்னலில் நீட்டினேன். அக்கா வரிசையாகப் படித்தார்.

"இதுல நீ எங்க இருக்க?"

தேடிப் பார்த்தேன். கையெழுத்தைத் தவிர எங்கும் இல்லை. ஒரு ஐஸ் சீட்டைத் திருப்பிப் போட்டு என்னிடம் தள்ளினார். குளிரில் விரல் விறைக்க அங்கேயே நின்று எழுதினேன்: "ஏலம் கதையைத் தமிழில் எழுதியவர் மர்கரீத். ஊர் தேங்காய்த்திட்டு. அதை மர்செய் ஆக்கியவன் நான். எனக்குப் பிரெஞ்சு தெரியாது."

என் வாழ்நாளில் நான் எழுதியதில் திருப்பி அனுப்ப முடியாத கதை அது ஒன்றுதான் என்று நினைத்தேன். தபாலில் போட்ட கையோடு முதலாளியிடம் போய்க் கையேட்டையும் திருப்பிக் கொடுத்தேன். அவர் என்னை நிற்க வைத்தே பேசினார். வெளியே வந்தபோது சவரி லேத்தை நிறுத்தி, "சாப்ட்டியா?" என்றான்.

பதினைந்து நாளில் மெட்ராஸிலிருந்து கார்டு வந்தது. "தங்கள் அடக்கம் பாராட்டுக்குரியது. மூல ஆசிரியர் மர்கரீத்தின் வேறு கதைகளையும் அவர் அனுமதியுடன் மொழிபெயர்த்து அனுப்பவும்."

இருபத்தைந்து வருடமாகப் பொய் சொல்லிப் பழகியவன் முதன்முதலாக ஒரு உண்மை சொன்னால் இதுதான் கதி. கார்டை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அவர் அதைப் படித்துவிட்டு, அந்த விவகாரம் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

"அனுமதி கேக்கறாங்களே. கேளு."

"குடுங்கக்கா."

"முடியாது."

அடுத்த கதையை அவரே படி எடுத்தார். ஐஸ் கம்பெனியில் ஒரு கட்டிக்குள் நேற்றைய காலைப்பொழுது அப்படியே உறைந்து கிடக்கிறது. வாங்கிப்போன மீன்காரி அதை உருகவிடுவதா, உமியில் மூடி வைப்பதா என்று தவிக்கிறாள். நான் எழுதித் தருகிறேன் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. நான் செய்தது வேறு. "ஒன்பதாம் கிரகம்" அடுத்த இதழில் "ஏலம்" கதையை அக்கா எழுதியது எழுதியபடி, அஞ்சலையும் கருவாட்டு வியாபாரியும் உள்பட, ஒரு புள்ளி மாற்றாமல் படி எடுத்தேன். அதில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. திருத்த அனுமதி இருந்தும் தொடவில்லை. எனக்குத் திருத்தம் என்றாலே அப்போது பயம். இருபது வீடும் சுற்றி வந்தபோது கருத்துப் பக்கத்தில் நீல மையில் ஒரு வரி இருந்தது: "மூன்றாம் பக்கத்தில் ஒரு பிழை. ஆசிரியர் கவனிக்கவில்லை போலும்."

ஆசிரியர் குறிப்பு

மெட்ராஸிலிருந்து பல மாதம் ஒன்றும் வரவில்லை. அக்கா கேட்டதே இல்லை. நான்தான் ஒவ்வொரு வாரமும் கடையில் நின்று பத்திரிகையைப் புரட்டுவேன். கடைக்காரர் முறைத்தால் ஒரு மிட்டாய் வாங்குவேன். பல் கெட்டுப்போகும் தறுவாயில் கதை வந்தது.

ஓவியர் இந்த முறையும் தொப்பி வைத்த பெண்ணைத்தான் வரைந்திருந்தார். எல்லாம் ஒரே நாளில் மாறிவிடாது. ஆனால் தலைப்புக்குக் கீழே, அக்கா தன் கதையோடு எழுதி அனுப்பியிருந்த குறிப்பை அப்படியே அச்சிட்டிருந்தார்கள்:

"எழுதியவர் ஆ. மர்கரீத், ஐஸ் கம்பெனி, தேங்காய்த்திட்டு. இவருக்குப் பிரெஞ்சு தெரியும். எழுதுவது தமிழில்."

பழக்கதோஷத்தில் அதற்குக் கீழே என் பெயரைத் தேடினேன். இல்லை. வெறும் தாள்தான் இருந்தது, பார்க்க நன்றாக இருந்தது.

இரண்டு பிரதி வாங்கினேன். ஒன்றை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். அக்கா அந்தக் குறிப்பை மட்டும் படித்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே காத்திருந்த படகுக்காரரிடம் பக்கத்தைக் காட்டினார். அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நம்ம கம்பெனி பேரு போட்ருக்கே" என்றார். ஒரு கை ஐஸ் தூளை அள்ளி அந்தப் பக்கத்தின் மேல் அக்கா வைத்தார். தாள் நனைந்துவிட்டது. அதனால்தான் இரண்டு பிரதி வாங்கினேன் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி பெரிய மார்க்கெட். மறுபடி அதே குறுகலான வழி, செருப்புக்குள் அதே தண்ணீர். சொல்தா என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார். கையில் புதிய இதழ். விரலால் தட்டித் தட்டிப் பிரெஞ்சில் பேசினார். முந்தைய தடவையைவிட நீளமாகப் பேசினார். இந்தத் தடவை முகம் மலர்ந்திருந்தது. நான் ஒரு "வுய்"கூடச் சொல்லவில்லை. முடிக்கும் வரை காத்திருந்து, பூக்கார அம்மா காதிலும் விழும்படி சொன்னேன்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. எனக்குப் பிரெஞ்சு தெரியாது."

"தெரியும்" என்றார் அவர், நல்ல தமிழில். "அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் ஐயா இவ்ளோ நேரம் பேசுனீங்க?"

அவர் பத்திரிகையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"இந்த ஊர்ல நான் பிரெஞ்சு பேசுனா, குறுக்க பேசாம கடைசி வரைக்கும் நின்னு கேக்கறவன் இப்ப நீ ஒருத்தன்தான்."